பதினைந்தில் குப்பை, ஐம்பதில் பொக்கிஷம்... நடுவில் மாட்டிக்கொண்ட மாருதி 800

"மாருதி 800. 1985 மாடல். ஒரே ஓனர். கம்பெனி பெயிண்ட். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் கரண்ட். ஷெட்டில் நின்ற வண்டி. நேரில் பார்த்துப் பேசவும்."

இப்படி ஒரு விளம்பரம் வந்தால் என்ன நடக்கும்? கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். விற்பவர் ரிட்டயர்டு ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் பார்வை மங்கிவிட்டது, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், அதனால் விற்கிறார். வேறு காரணம் எதுவும் இல்லை.

முதல் போன் புரோக்கரிடமிருந்து வரும். "நாற்பது வருஷ வண்டி சார்... காயலான் கடை ரேட்டுதான் வரும். எடை போட்டுக் காசு தந்துடறோம். எடுத்துட்டுப் போற செலவு எங்களோடது."

இரண்டாவது போன் ஒரு காலேஜ் பையன். "அங்கிள், வண்டியை இறக்கி, அகல டயர் போட்டு, மேட் பிளாக் அடிக்கலாம்னு இருக்கேன். பாடி ஸ்ட்ராங்கா இருக்கா?"

மூன்றாவது ஆள் பழைய கார் சேகரிப்பவர். ஒரிஜினல் ரேடியோ இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, டூல் பை இருக்கிறதா, டெலிவரி எடுத்த அன்று கொடுத்த பில் இருக்கிறதா என்று அரை மணி நேரம் கேட்பார். "ஓட்டுவீங்களா சார்?" என்று ஆசிரியர் கேட்டால் சிரிப்பார். "ஓட்டறதா? வேல்யூ போயிடும் சார். கவர் போட்டு வச்சிடுவேன்."

நான்காவதாக ஒருவர் நேரிலேயே வருவார். சின்ன சம்பளம். பிள்ளையை ஸ்கூலில் விட வேண்டும், அம்மாவை மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வண்டியைப் பார்ப்பார், ஓட்டுவார், பிடித்துவிடும். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு கேட்பார். "சார்... பதினஞ்சு வருஷத்துக்கு மேல போன வண்டியெல்லாம் தடை பண்ணிடுவாங்களாமே? நாளைக்கே ரோட்டுல எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது?"

ஆசிரியரிடம் பதில் இருக்காது. நான்காவது ஆள் போய்விடுவார்.

இந்த நான்கு பேரில் அந்தக் கார் யாருக்காகத் தயாரிக்கப்பட்டதோ, அவர்தான் வாங்காமல் போகிறவர். ஏன் இப்படி? சட்டத்துக்கு ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தேதியைப் படிக்கத் தெரிகிறது, வண்டியைப் பார்க்கத் தெரியவில்லை. அதுதான் இங்கே வழக்கு.

அது என்ன அப்படி ஒரு பெரிய கார்?

பெரிய கார் இல்லை என்பதுதான் அதன் பெருமையே!

1983-க்கு முன் இந்தியாவில் கார் என்றால் அம்பாசடர் அல்லது பத்மினி. ஒன்று பிரிட்டனில் ஐம்பதுகளில் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வார்ப்பு. இன்னொன்று பழைய ஃபியட் 1100. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நடுத்தர வர்க்கத்துக்கு கார் என்பது பக்கத்து வீட்டு டாக்டரிடமோ கலெக்டர் ஆபீசிலோ பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள்.

1983 டிசம்பர் 14 அன்று அன்றைய பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியை ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்தார். அவர் தொழிலதிபர் அல்ல. இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். குலுக்கலில் பெயர் வந்தது. விலை சுமார் ஐம்பதாயிரம் ரூபாய். ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து குர்கானில் தயாரித்த கார் அது. மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின், நான்கு கியர், 12 அங்குலச் சக்கரம், சுமார் 650 கிலோ எடை, மூன்றரை மீட்டருக்குள் அடங்கும் நீளம்.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. இந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கார் அதுதான். முன் சீட்டில் அப்பா, மடியில் குழந்தையோடு அம்மா, பின் சீட்டில் தாத்தா, பாட்டி, இரண்டு பிள்ளைகள், காலடியில் தண்ணீர்க் குடம் என்று குலதெய்வம் கோவிலுக்குப் போன கார்.

இப்படி லட்சக்கணக்கில் விற்ற பொருளை யாரும் பத்திரப்படுத்த மாட்டார்கள். ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருந்த ராஜா அதைப் பாதுகாத்ததில் ஆச்சரியம் இல்லை. ஷெட் இருந்தது, டிரைவர் இருந்தார், துடைக்க ஆள் இருந்தார். மாருதி 800-ஐ ஓட்டினார்கள், அடித்தார்கள், விற்றார்கள், கடைசியில் உடைத்தார்கள். அதனால்தான் 1985 மாடல் ஒன்று ஒழுங்காக நிற்கிறது என்றால், அதன் பின்னால் ஒரு மனிதரின் நாற்பது வருட அக்கறை இருக்கிறது என்று அர்த்தம்.

நல்லா வைத்திருந்த வண்டி என்றால் என்ன?

பளபளப்பு அல்ல. பளபளப்பை ஒரு வாரத்தில் எந்தப் பட்டறையிலும் வாங்கிவிடலாம். விற்பதற்கு முன் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, டேஷ்போர்டுக்கு பாலிஷ் போட்டுக் கொண்டுவரும் வண்டிகள் ஏராளம். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடியில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி இருக்கும் இடத்தில் வழுக்கும்.

நல்லா வைத்திருந்த வண்டியை அடியில் குனிந்துதான் பார்க்க வேண்டும். மேட்டைத் தூக்கினால் தரைத் தகட்டில் துரு இருக்கக் கூடாது. மழைத் தண்ணீர் வடிய கதவின் அடியில் விட்டிருக்கும் சின்ன ஓட்டைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் நிதானத்துக்கு வர வேண்டும். சைலன்சரில் நீலப் புகை வரக் கூடாது. வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள்.

இத்தனையும் சரியாக இருக்க வேண்டும் என்றால் வருடா வருடம் ஆயில் மாற்றியிருக்க வேண்டும், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருக்க வேண்டும், பாயிண்ட் தேய்ந்தபோது மாற்றியிருக்க வேண்டும். இப்போது பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களை ஊற வைத்துக் கெடுக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அக்கறை உள்ள ஓனர் அந்தக் குழாய்களையும் மாற்றியிருப்பார்.

இந்த வேலைகளுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். தெருமுனை மெக்கானிக், ஒரு ஸ்பேனர் செட், உப்புத்தாள் போதும். சென்சார் போனால் வண்டியே நின்றுவிடும் இன்றைய கார்கள் நாற்பது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஸ்கிரீனுக்கும் அதன் சாஃப்ட்வேருக்கும் அன்று ஸ்பேர் யார் தருவார்கள்?

சட்டம் என்ன செய்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் காரின் பதிவு 15 வருடம் செல்லும். அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அது வரை நியாயம்தான். பழைய வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுவா, பார்த்துச் சொல்கிறோம் என்பதில் தப்பே இல்லை.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய் இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு, 20 வயது தாண்டிய கார்களுக்கு அதை 10,000 ஆக்கியது. புகை குறைவாக விட்டால் கட்டணம் குறையுமா? குறையாது. வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் சலுகை உண்டா? கிடையாது. பிரேக் பிரமாதமாகப் பிடிக்கிறது என்றால்? அப்படியா, சந்தோஷம், 10,000 கட்டு! வண்டியின் நிலை எதுவானாலும் தொகை ஒன்றுதான். இதற்குப் பெயர் பரிசோதனைக் கட்டணமா, வயதுக்கு அபராதமா?

டெல்லியின் கதை இன்னும் மோசம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-லும் 2015-லும் போட்ட உத்தரவுகளால், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும் ஓடக் கூடாது என்றானது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பெட்ரோலே போடாதே என்று பம்புகளுக்கு உத்தரவு போனது. ஜனங்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி ஓனர்கள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ் 4-க்குக் கீழே உள்ள வண்டிகளுக்குக் கிடையாது என்றது.

ஒரே வருடத்தில் இத்தனை திருப்பம். இதில் எங்காவது, எந்தக் கட்டத்திலாவது, ஒரு வண்டியைத் தனியாக நிறுத்தி "நீ எவ்வளவு புகை விடுகிறாய்?" என்று கேட்டார்களா? இல்லை. வருடம் பார்த்தார்கள், பிறகு ஸ்டேஜ் பார்த்தார்கள். வண்டியைப் பார்க்கவே இல்லை.

தமிழ்நாட்டில் தனியார் கார்களுக்கு அப்படி ஒரு தடை கிடையாது. ஆனால் பயத்துக்கு மாநில எல்லை தெரியாதே! டெல்லிச் செய்தியை டிவியில் பார்த்த நான்காவது ஆள் இங்கே பின்வாங்குகிறார்.

இன்னொரு பக்கம் வேடிக்கையைப் பாருங்கள். 2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் உருவத்தில் இருக்க வேண்டும். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று தனி எழுத்து. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுத்துப் போகலாம். தினசரி ஓட்டக் கூடாது.

ஆக, கணக்கு இப்படி. 15 வயதில் சந்தேகம். 20 வயதில் அபராதம். 50 வயதில் திடீரென்று தேசத்தின் பாரம்பரியச் சொத்து! 1985 மாடல் மாருதி அந்தப் பெருமையை அடைய 2035 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அது உயிரோடு இருக்க யார் உதவுகிறார்கள்? யாரும் இல்லை. முப்பத்தைந்து வருடம் ஒரு பொருளைக் கழுத்தை நெரித்துவிட்டு, தப்பிப் பிழைத்தால் மாலை போடுவோம் என்பது என்ன நியாயம்?

இதில் பணக்கார வீட்டுக் காருக்குப் பிரச்சினையே இல்லை. ஐம்பது வருடம் ஷெட்டில் நிறுத்தி வைக்க அவர்களுக்கு இடம் இருக்கிறது, கட்டணம் கட்டக் காசு இருக்கிறது. சாமானியனுக்காகச் செய்த கார்தான் நடுவழியில் சாகிறது. நாளைக்கு மியூசியத்தில் மகாராஜாக்களின் கார்கள் வரிசையாக நிற்கும். இந்த நாட்டு நடுத்தரக் குடும்பம் எதில் போனது என்று காட்ட ஒன்றும் இருக்காது.

மறுபக்கம்

எதிர்த்தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது அழகல்ல.

1985 மாருதியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லை. அது புது பெட்ரோல் கார்களில் கட்டாயமானதே 1995-இல், அதுவும் நான்கு பெருநகரங்களில் மட்டும். ஆகவே ஒரு கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால், 2020-க்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் 6 காரை விட அது நிச்சயம் அதிகமாகவே கார்பன் மோனாக்சைடு விடும். எவ்வளவு நன்றாக ட்யூன் செய்தாலும் அந்த வித்தியாசம் போகாது.

பாதுகாப்பும் அப்படியே. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற லாரிக்கு நடுவில் அதை ஓட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

டெல்லியில் குளிர்காலத்தில் மூச்சுத் திணறும் குழந்தைகள் கற்பனை அல்ல. பழைய வண்டிகள் மொத்தமாகக் கூடாது என்று ஒரு நீதிபதி சொல்வதற்குப் பின்னால் அந்தக் கவலை இருக்கிறது. அதை யாரும் கிண்டல் செய்ய முடியாது.

ஆனால் கேள்வி வேறு. காற்றில் கலக்கும் புகை என்பது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதையும், எத்தனை கிலோமீட்டர் என்பதையும் பெருக்கினால் வருவது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கும் போகிற கார் ஒரு பக்கம். காலையிலிருந்து இரவு வரை நகரத்தைச் சுற்றும் வண்டி ஒரு பக்கம். இரண்டுக்கும் வயதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் கணக்கில் பாதியை அழித்துவிட்டதாக ஆகாதா?

பழையதை உடைத்துவிட்டுப் புதியது வாங்கு என்கிறார்களே, அந்தப் புதியது மரத்தில் காய்க்கிறதா? இரும்பு உருக்க வேண்டும், அலுமினியம் உருக்க வேண்டும், பிளாஸ்டிக் வார்க்க வேண்டும், கப்பலிலும் லாரியிலும் ஏற்றி இறக்க வேண்டும். அதற்கான புகை வேறு ஊரில் போகிறது, அவ்வளவுதான். அதுவும் இன்று வாங்குவது 650 கிலோ காரா? அதைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள எஸ்யூவி. ஒரே ஆள் அதில் உட்கார்ந்து ஆபீஸ் போகிறார். டயர் தேய்ந்து வரும் தூசிக்கும் ரோட்டில் அடைக்கும் இடத்துக்கும் எடையும் அளவும் காரணம் இல்லையா? அதற்கு ஏன் அபராதம் இல்லை?

பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கை 2021 ஆகஸ்டில் வந்தபோது, புது வாகன விற்பனை பெருகும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஒளிவுமறைவு இல்லாமல்தான் சொன்னார்கள். சுற்றுச்சூழலைக் காப்பதும், கார் விற்பனையைக் கூட்டுவதும் ஒரே வேலை என்று நம்பச் சொன்னால் கொஞ்சம் இடிக்கிறது.

இதில் ஒரு விசித்திரம், அந்தக் கொள்கை காகிதத்தில் சரியாகவே பேசுகிறது. தனியார் கார் தகுதிப் பரிசோதனையில் தோற்றால்தான் அதன் ஆயுள் முடிந்தது என்கிறது. அதே அரசு 2023 ஏப்ரல் முதல், 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை வயதை மட்டும் பார்த்து ரத்து செய்தது. காகிதத்தில் பரிசோதனை, நடைமுறையில் பிறந்த தேதி!

என்ன செய்யலாம்?

ஜெர்மனியில் 1997 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 30 வருடம் ஆன காருக்கு 'ஹெச்' என்ற எழுத்தோடு நம்பர் பிளேட் கிடைக்கும். சும்மா கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற பொறியாளர் வண்டியைப் பரிசோதித்து, அசல் நிலையில் நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்று சான்று கொடுக்க வேண்டும். துருப்பிடித்த வண்டிக்கு அந்தப் பிளேட் கிடையாது. கிடைத்தால் வரி குறைவு, புகைக் கட்டுப்பாடு உள்ள நகரப் பகுதிக்குள்ளும் போகலாம். அது பணக்காரக் கார்களுக்கு மட்டுமானதும் அல்ல. சாதாரண கோல்ஃபும் அதைப் பெறலாம், பென்ஸும் பெறலாம்.

அதை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லை. 50 வருடத்தை 30 ஆக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை பிரேக், ஸ்டியரிங், துரு, புகை நான்கையும் மெஷினில் வைத்துப் பார்க்கலாம். ஓட்டும் தூரத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாம். ஓடோமீட்டரைப் பரிசோதனை அன்று குறித்துக்கொண்டால் போதும். தேறினால் கட்டணம் குறைய வேண்டும், தோற்றால் வண்டி நிற்க வேண்டும். புகை கக்கும் எட்டு வருட வண்டிக்கும் இதே விதி பொருந்த வேண்டும். அதைச் செய்ய மெஷினும் ஆளும் வேண்டும், லஞ்சம் வாங்காத ஆள் வேண்டும். கஷ்டமான வேலைதான். தேதி பார்ப்பது சுலபம். சுலபமான வேலையைச் செய்துவிட்டு அதற்குச் சுற்றுச்சூழல் என்று பெயர் வைக்கக் கூடாது.

சேகரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. மாருதி 800-ஐ வாங்கிக் கவர் போட்டு வைப்பது அதைக் காப்பாற்றுவது ஆகாது. ஓடாத வண்டியில் ரப்பர் இறுகும், பெட்ரோல் டேங்க் துருப்பிடிக்கும், பிரேக் ஒட்டிக்கொள்ளும். "வேல்யூ" ஏறும், கார் இறங்கும். குடும்பம் ஏறிப் போகச் செய்த காரை ரியல் எஸ்டேட் பிளாட் மாதிரி நடத்தாதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒரு போன் மாற்றும் மாணவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பழசாகிவிட்டது என்பதும் கெட்டுப்போய்விட்டது என்பதும் வேறு வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் விற்கிறார்கள்.

அந்த முதல் மாருதிக்கு என்ன ஆனது தெரியுமா? டி.ஐ.ஏ. 6479 என்ற அந்தக் காரை அதன் ஓனர் 2010-இல் தான் இறக்கும் வரை விற்கவே இல்லை. அவருக்குப் பிறகு அது வீட்டு வாசலில் துருப்பிடித்து நின்றது. படங்கள் பரவின, பலர் வருத்தப்பட்டார்கள். பிறகு அதைப் புதுப்பித்து, 2022-இல் மாருதி நிறுவனத் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது முதல் கார் என்பதால் பிழைத்தது. பத்தாயிரமாவது காரை, ஒரு லட்சமாவது காரை அதே அக்கறையோடு வைத்திருந்தவர்களுக்கு எந்த அலுவலக வாசலும் கிடையாது. அவர்கள் கேட்பது வாசலும் அல்ல, மாலையும் அல்ல. "என் வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்" என்கிறார்கள்.

நான்காவதாக வந்தவர் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. "நாளைக்கே ரோட்டுல எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது?" அதற்கு அரசாங்கம் நேராகப் பதில் சொல்லாத வரை, ஆசிரியர் வேறு வழியின்றி முதல் போன்காரரைத்தான் திருப்பிக் கூப்பிட வேண்டியிருக்கும். அவர் தராசோடு வருவார்.